காலி டப்பாவின் விலை

திருநெல்வேலி ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த குபேந்திரன் அண்ணாச்சிக்கு, தான் விற்பதைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குத் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுவரும் மெஸ்காரி சொர்ணக்கிளி, காலேஜ் போகும் மகளுக்காக ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை விலை கேட்டாள். உள்ளங்கை அகலப் பெட்டிதான். விலையோ, மேஜையை அடைக்கும் பெரிய கம்ப்யூட்டரைவிட அதிகம்.

"மெமரி, டிஸ்க் எல்லாம் உள்ள இருக்கா அண்ணாச்சி?"

"அதெல்லாம் தனியா வாங்கிப் போடணும். இது இடத்தை அடைக்காதுல்லா, அதுக்குத்தான் விலை!"

"காலிப் பெட்டிக்கு இது அநியாயம்லா?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "அநியாயம்னு என் வாயாலேயே சொல்ல வச்சிரு பாப்போம். எல்லாத்தையும் உள்ள போட்டு இதே விலைக்குத் தாரேன்!"

மறுநாள் மதியம் சொர்ணக்கிளி, வழக்கமான தூக்குவாளிக்குப் பதில் பளபளவென்று ஒரு குட்டி டப்பாவை அவர் முன்னால் வைத்து, இரட்டை விலை கேட்டாள். அண்ணாச்சி நல்ல பசியில் திறந்தார். உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை.

"சோறு எங்க?"

"சோறு, குழம்பெல்லாம் தனியா வாங்கிப் போடணும் அண்ணாச்சி. டப்பா இடத்தை அடைக்காதுல்லா!"

"காலி டப்பாவுக்கு இவ்வளவு விலையா? அநியாயமா இருக்கே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கடையே சிரித்த பிறகுதான், தன் வாயிலிருந்து விழுந்தது அவருக்கு உறைத்தது. சொர்ணக்கிளி பைக்குள்ளிருந்து ஆவி பறக்கும் தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பெட்டியை நிரப்புங்க அண்ணாச்சி. அப்புறம் நான் டப்பாவை நிரப்புதேன்."