நூலை நம்பாத பாகு

தேரி என்னும் செம்மணல் மேட்டோரத்துப் பனை ஒன்றின் உச்சியில், ஒரு காலத்தில், யாரையுமே நம்பாத ஒரு பதநீர் பிறந்தது. பிறந்தது என்றால் என்ன, பாளையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் விழுந்தது, அவ்வளவுதான். விழுந்த இடத்திலேயே அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தது.

"நீ யாரு? எனக்கு முன்னாடியே வந்து எதுக்கு உட்கார்ந்திருக்க?"

"நீ புளிச்சுப் போகாம இருக்கத்தான்" என்றது சுண்ணாம்பு.

"நான் எதுக்குப் புளிக்கணும்? பிறந்தே இன்னும் ஒரு நாழி ஆகல, அதுக்குள்ள பழியா?"

சுண்ணாம்பு பேசாமல் இருந்துவிட்டது. பதில் சொல்லாதவர்களைக் கண்டாலே நம் பதநீருக்கு ஆகாது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டிக்கொண்டது.

மரத்தடியில் ஞானவடிவு காத்திருந்தாள். அவள் புருஷன் ஏசுவடியான் பெயர்பெற்ற பனையேறி. போன வருஷம் மரத்திலிருந்து விழுந்து கால் போயிற்று. இப்போது கொழுந்தன் ஏறி இறக்கித் தருகிறான், இவள் காய்ச்சிக் கற்கண்டு எடுக்கிறாள்.

ஓலைக் குடிசையில் பெரிய சட்டியில் ஊற்றி அடுப்பை மூட்டினாள். ஐயோ, அன்றைக்குப் பதநீர் போட்ட கூப்பாடு! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நெருப்பைத் திட்டியதே தவிர, அதைச் சந்தேகப்படவில்லை. சுடுகிறது, சுடுகிறேன் என்று வெளிப்படையாகச் சுடுகிறது. அதில் ஒளிவு மறைவு ஏது? போதாக்குறைக்கு ஞானவடிவும் பக்கத்திலேயே நின்று, துழாவிக்கொண்டும் பொங்கிவந்த நுரையை எடுத்துக்கொண்டும் இருந்தாள்.

அப்படியே செபமும் பண்ணினாள். செபமா அது, சண்டை.

"அவர் மரத்துல இருந்து விழுந்த அன்னைக்கு எப்படிக் கதறினேன்! அப்பவாவது நீர் பக்கத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. இப்ப அழுகையும் இல்ல, ஆறுதலும் இல்ல. உம்ம சத்தத்தையே காணுமே ஆண்டவரே. என்னை மறந்துட்டீரா?"

'ஆகா, நம்ம ஆளு' என்று நினைத்துக்கொண்டது சட்டியில் கொதித்த பதநீர்.

தேன்போலக் குறுகிப் பாகாகி வந்ததும் ஞானவடிவு அதை வடிகட்டி ஒரு மண்பானையில் ஊற்றினாள். பானைக்குள் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது. வாயைத் துணியால் கட்டினாள். மூலையில் உமியைக் குவித்து அதற்குள் பானையை இறக்கினாள். போய்விட்டாள்.

இருட்டு. சத்தம் இல்லை. சூடும் மெல்ல மெல்லப் போயிற்று.

"ஏய் நூலு! உன்னை யார் இங்க அனுப்பினா? வேவு பாக்கவா?"

"தொங்கவிட்டாங்க, தொங்குறேன்."

"தூக்குக் கயிறு மாதிரில்ல தொங்குற!"

"அதுக்கு நான் பத்தாது" என்றது நூல். "நீ பிடிச்சுக்க ஓர் இடம் வேணும்லா, அதுக்குத்தான். ஆனா நீ ஆடாம இருக்கணும்."

"கொதிச்சேன், பொங்கினேன், அதுல ஓர் அர்த்தம் இருந்துச்சு. இங்க என்ன நடக்குது? ஒரு மண்ணும் நடக்கல. அவ என்னை மறந்துட்டா. உனக்குத் தெரியும், மறைக்கிற."

"அவ மனசு எனக்குத் தெரியாது. ஆனா என் முடிச்சு அவ போட்டது. இன்னும் அவிழல."

இதெல்லாம் ஒரு பதிலா? பாகு பொருமியது. நாட்கள் போயின. தூரத்தில் கோயில் மணி அடிக்கும், லெந்து என்கிற தவக்காலத்துப் பாட்டு கேட்கும், அடங்கும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் நூலின்மேல் மணல்போல் என்னவோ ஒட்டியிருப்பதைப் பாகு கண்டுபிடித்தது.

"அடப்பாவி! என்கிட்ட இருந்து திருடுறியா?" என்று உலுக்கியது. ஒட்டியது உதிர்ந்துவிட்டது. மறுபடி ஒட்டியது. மறுபடி உலுக்கியது. மூன்றாம் தடவை நூலுக்கே அழுகை வந்துவிட்டது.

"திருடலப்பா. அதுதான் நீ! உன்னையே நீ உதிர்த்து விடுறியே, நான் என்ன செய்வேன்?"

பாகு நம்பவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி உலுக்கவில்லை.

அந்த வாரம்தான் ஏசுவடியான் கம்பை ஊன்றிக்கொண்டு குடிசைக்குள் வந்தார். வீட்டில் முடங்கிக் கிடக்கிற மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். பானையில் காதை வைத்தார்.

"உள்ள ஏதாவது இருக்கா, இல்ல தண்ணியாவே கெடக்கா? அவுத்துப் பாத்தா என்ன? தளும்புனா அடுப்புல ஏத்திக் கருப்பட்டியாவது ஆக்கலாம்."

அவர் விரல் துணிக்கட்டின்மேல் இருந்தது. பாகுக்கு நெஞ்சு துள்ளியது. ஒரு தளும்பல், ஒரே ஒரு தளும்பல் போதும், அவர் திறந்துவிடுவார்! வெளிச்சம், நெருப்பு, பேச்சுத்துணை எல்லாம் கிடைக்கும். ஆனால் நூலின்மேல் இப்போது மிளகளவு வளர்ந்து நின்ற அந்தப் பொடிக்கல்? அது போய்விடும்.

நூல் ஆடாமல் தொங்கியது.

பாகு மூச்சுவிடாமல் இருந்தது. சந்தேகம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகத்தோடேயே ஆடாமல் இருந்தது.

வெளியே ஞானவடிவு ஓடிவருகிற சத்தம்.

"என்ன காரியம் செய்தீய! கையை எடுங்க! ஆட்டுனா எல்லாம் பாழு. ஒரு சத்தமும் இல்லாம கெடந்தாத்தான் உள்ள வேலை நடக்கும்."

"நடக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிவச்சவ நான்லா? எனக்குத் தெரியாதா?"

உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த வாரம் பானை திறந்தது. ஞானவடிவு அதைத் தூக்கினாள். அப்படியே கவிழ்த்தாள்!

'கொட்டிட்டா! சொன்னேனா இல்லையா, கடைசியில கொட்டிட்டா!' என்று உள்ளே அலறியது பாகு. விழப்போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டது.

விழவில்லை. கறுத்துப்போன கழிவுப்பாகுதான் கொழகொழவென்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் முணுமுணுத்த முணுமுணுப்பெல்லாம் அதோடு போயிற்று. நூலில் ஒட்டி வளர்ந்தது மட்டும் அப்படியே நின்றது, கெட்டியாக, பட்டை பட்டையாக, தேன்நிறக் கற்கண்டாக.

"நூலே, எங்க போன? உன்னைக் காணுமே!"

"எங்கேயும் போகல. உனக்குள்ளதான் இருக்கேன்."

ஞானவடிவு அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெயில் அதற்குள் புகுந்து அவள் முகத்தில் விழுந்தது. வழக்கம்போல வாய் திறந்தது.

"உம்ம சத்தத்தையே காணுமே ஆண்டவரே, என்னை மறந்..."

நின்றுவிட்டாள். கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து வழிந்தது.

வெளியிலிருந்து ஏசுவடியான் கேட்டார். "என்ன வடிவு, சத்தத்தையே காணும்? செபம் முடிஞ்சுட்டா?"

"இல்லங்க" என்றாள் அவள். "ஆடாம இருக்கப் பாக்கேன்."