பனிக்குள் இறங்கிய காடை

குளக்கரைக் காட்டில் ஒரு மார்கழியில் பனிமூட்டம் இறங்கியது. அதோடு தும்மல் காய்ச்சலும் வந்தது. மரங்கள் எல்லாம் பனியில் மிதந்தன. யாரோ எங்கோ தும்மினால், காடே தூக்கத்தில் தும்மியதுபோல் கேட்டது.

காட்டுக்குத் தலைவர் பெருச்சாளி. அவர் வளை நிறையத் தினை. வளையிலிருந்து முதலில் வயிறு வந்தது, பிறகுதான் அவர் வந்தார்.

"யாரும் வீட்டை விட்டு நகரக் கூடாது! நகர்ந்தா காட்டை விட்டே துரத்திடுவேன்!"

காடை மருதாயி வளை வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் வீடு புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளம். கதவும் கிடையாது, சேமிப்பும் கிடையாது. அன்றன்று கிளறினால்தான் அன்றைய சாப்பாடு.

"ஐயா, குஞ்சுங்க பசி தாங்காதுங்க. கொஞ்சம் தினை குடுத்தீங்கன்னா வீட்டோடவே கெடப்போம்."

"நான் சேத்து வச்சேன். நீ ஏன் சேக்கல?" என்று கேட்டுவிட்டுப் பெருச்சாளி உள்ளே போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைசிக் குஞ்சு கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மருதாயி மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெள்ளைப் பனிக்குள் இறங்கினாள். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. 'இந்தப் பனியில என்னை யார் பாக்கப் போறா!' என்று தினைக்கொல்லை ஓரத்துக்குப் போனாள்.

பனி மெல்ல விலகியது. ஐயோ! பக்கத்தில் முயல். முயலை ஒட்டி அணில். அணிலை ஒட்டி, தலைவருக்கே வளை தோண்டிக் கொடுக்கும் சுண்டெலிகள். பனி தன்னை மட்டும் மறைக்கும் என்று நம்பி, எல்லாரும் ஒரே இடத்தில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்!

"ஹச்!" என்றது முயல்.

அந்தக் காய்ச்சல் மருதாயியோடு புல்வீட்டுக்கு வந்தது. வேலைக்குப் போன சுண்டெலிகளோடு தலைவர் வளைக்குள்ளும் போனது.

கடைசிக் குஞ்சின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மருதாயி ஓடிப்போய் வளை வாசலில் நின்றாள். உள்ளே தலைவர் தும்மிக்கொண்டிருந்தார்.

"வாசலை மண்ணால அடைச்சீங்களே ஐயா, எங்க வயித்தை எதால அடைச்சீங்க?" என்று கத்தினாள்.

தும்மத் தும்மப் பெருச்சாளிக்குப் பயம் வந்தது. தினையை எல்லாம் வெளியே தள்ளினார். காகங்கள் அதைக் கவ்விப் போய், வீட்டுக்கு வீடு மேலிருந்து தூவின. பனிக்குள் பொன் தூறலாகத் தினை விழுந்தது. யாரும் வெளியே வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. காய்ச்சல் மெல்லக் காட்டை விட்டுப் போனது.

மருதாயியின் குஞ்சுகள் ஆசையாகக் கொறித்தன. கடைசிக் குஞ்சு மட்டும் கண் திறக்கவில்லை. அதன் பங்குத் தினை பள்ளத்தின் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

பசித்த வயிற்றுக்கு வழி செய்யாமல் போடும் ஊரடங்கு, எந்த நோயையும் அடக்காது.