பரிசல்காரி எண்ணிய கணக்கு

மருதநாட்டுக்கும் குன்றநாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் பூவாயிதான் பரிசல் ஓட்டினாள். ஒருநாள் மருதநாட்டுப் பெரிய மந்திரி வச்சிரபாகு, அக்கரை அரசவையில் பெருமையடித்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டார். வழியனுப்ப ராஜாவே துறைக்கு வந்திருந்தார்.

"நம் நாட்டில் நூற்றுக்கு நூறு பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கிறார்கள், மகாராஜா. குன்றநாட்டில் வெறும் அறுபதுதான்."

"என் மகளே ரெண்டாம் வகுப்போட நின்னுட்டாளே. எப்படி எண்ணினீங்க, சாமி?" என்றாள் பூவாயி.

"ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினோம். அத்தனை பேரும் தேறினார்கள். அக்கரையில் விவரம் கெட்டவர்கள், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களையெல்லாம் சேர்த்து எண்ணுகிறார்கள். என் கணக்கில் தப்பு இருந்தால், நான் பரிசலில் கால் வைப்பதற்குள் நிரூபி. முடியாவிட்டால் இந்தப் பரிசல் உனக்கில்லை."

பூவாயி துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். "தப்பே இல்லை, சாமி. நானும் அப்படித்தான் எண்ணுறேன். என் பரிசலும் நூத்துக்கு நூறு. அக்கரையில இறங்கினவங்க அத்தனை பேரும் பத்திரமா போய்ச் சேர்ந்திருக்காங்க. பயப்படாம ஏறுங்க."

மந்திரி தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. "இங்கே ஏறியவர்கள்?"

"நடு ஆத்துல விழுந்தவங்களை நான் எண்ணுறதில்லை, சாமி."

மந்திரி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், படிப்பை விட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்துவரும்படி மந்திரிக்கே உத்தரவு போட்டார்.

மறுநாள் காலை மந்திரி முதலில் போய் நின்றது பூவாயி வீட்டு வாசலில்.