பொன்னுலிங்கம் சார் போட்ட கோடு

அந்தக் கல்லூரியில் யார் குரு, யார் சீடர் என்று முதல் நாள் யாராவது கேட்டிருந்தால் பொன்னுலிங்கம் சிரித்திருப்பார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. அந்தப் பெண்கள் கல்லூரியின் கால்பந்து அணிக்குப் பத்தொன்பது வருஷமாகத் துணைப் பயிற்சியாளர். புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. ஒரு வருஷ ஒப்பந்தம். வலது முழங்காலில் நீளமாக ஒரு தையல் தழும்பு.

தலைமைப் பதவி தனக்குத்தான் என்று பொன்னுலிங்கம் மூன்று தடவை காத்திருந்தார். மூன்று தடவையும் வேறு யாரோ வந்தார்கள். நான்காவதாக ஜெசிந்தா வந்தபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. டீ வாங்கிக் கொடுத்து மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்.

அந்த அணிக்கு ஒரு வியாதி இருந்தது. சொந்த மைதானத்தில் எவர் வந்தாலும் ஜெயிக்கும். வெளியூர் போனால் எவரிடமும் தோற்கும். ஆறு வருஷமாக வெளியூரில் ஒரு வெற்றி கிடையாது. கல்லூரிச் செயலர் இந்த வருஷம் முடிவாகச் சொல்லிவிட்டார். லீக்கில் ஐந்து வெளியூர் மேட்ச். அதில் ஒன்றாவது ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் விடுதியில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய பதினெட்டு இடமும் போய்விடும்.

அதில் ஓர் இடம் இசக்கியம்மாளுடையது. வலது ஓரத்தில் ஓடுகிற பெண். விடுதி போனால் அவள் படிப்பும் போகும். ஊருக்குத் திரும்பி அம்மாவோடு உப்பளத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஜெசிந்தா மைதானத்தின் குறுக்கே ஒரு தடவை நடந்தார். இந்தப் பக்கக் கோட்டிலிருந்து அந்தப் பக்கக் கோடு வரை.

"கிரவுண்டு அகலம் கம்மியா இருக்கே சார்."

"பொம்பளப் பிள்ளைங்களுக்கு இது போதும் மேடம்."

குத்தலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

ஜெசிந்தா முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். முதல்வர் பொன்னுலிங்கத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் அங்கேயும் "போதும்" என்றார். கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா தானே சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கோடு போட்டார். மேற்கே கோடு முள்செடிக்குள் போனது. கிழக்கே பைக் ஸ்டாண்டுக்குள் புகுந்து, நிறுத்தியிருந்த இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே நேராகப் போனது.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் கோட்டைப் புதுப்பிப்பது பொன்னுலிங்கத்தின் வேலை. வந்து பார்த்தார். பாவம், புதுசு, தெரியாமல் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பழைய தடத்தின் மேலேயே மறுபடி போட்டார்.

"மேடம், கோடு கொஞ்சம் தப்பாப் போயிருந்துது. சரி பண்ணிட்டேன்."

ஜெசிந்தா அந்தக் கோட்டின் மேல் போய் நின்றார்.

"என்கூட நடக்கீங்களா சார்?"

"எங்க மேடம்?"

"இந்தக் கோட்டுல இருந்து அந்தக் கோட்டுக்கு. தெனமும் பிராக்டிஸ் முடிஞ்சதும். வெளியூர் போனா மேட்ச் முடிஞ்சதும்."

"எதுக்கு?"

"உக்காந்தா எனக்கு முட்டி பிடிச்சுக்கிடுது."

முட்டிவலி பொன்னுலிங்கத்துக்கும் உண்டு. சரி என்றார்.

முதல் வெளியூர் மேட்ச். மூன்றுக்குப் பூஜ்யம். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். ஜெசிந்தா மைதானத்தின் குறுக்கே நடந்தார். பக்கத்தில் பொன்னுலிங்கம் புலம்பிக்கொண்டே வந்தார்.

பஸ் சரியில்லை என்று ஆரம்பித்தார். சாப்பாடு சரியில்லை. தண்ணி உப்பு. தூக்கம் இல்லை. வெயில். காற்று. ரெஃபரி. ரெஃபரியைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள் சொந்த மைதானத்தில் பயிற்சி முடிந்து நடந்தபோதும் அதே பாட்டுதான். பஸ், சாப்பாடு, தண்ணி, தூக்கம், வெயில். காற்றுக்கு வந்தபோது கோடு வந்துவிட்டது.

"சரி சார், மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க," என்று ஜெசிந்தா பையைத் தூக்கிக்கொண்டார்.

சொந்த மைதானத்தில் ஜெயித்தார்கள். வெளியூரில் இரண்டாவது மேட்ச் தோற்றார்கள். சொந்த மைதானத்தில் மறுபடி ஜெயித்தார்கள். மூன்றாவது வெளியூர் மேட்சும் போனது. இசக்கி பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் பறப்பாள். கோட்டுக்கு இன்னும் எட்டு அடிவைப்பு இடம் இருக்கும். அங்கே யாரோ நிற்பதுபோல் உள்ளே திரும்பிவிடுவாள், திரும்பிய இடத்தில் எதிரணியில் இரண்டு பேர் காத்திருப்பார்கள்.

"ஏன் பிள்ளை அங்கேயே திரும்புற?" என்று பொன்னுலிங்கம் கத்துவார்.

"தெரியல சார்," என்பாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

நான்காவது வெளியூர் மேட்ச் முடிந்தது. இரண்டுக்குப் பூஜ்யம். யாரும் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. இசக்கி பூட்ஸைக் கழற்றாமலேயே பஸ்ஸின் பின்சீட்டில் சாய்ந்துவிட்டாள்.

ஜெசிந்தா நடந்தார். அன்றைக்கு அவருக்குக் கால் நொண்டியது. பொன்னுலிங்கம் புலம்பினார், ஆனால் பழைய சுருதி இல்லை. பஸ் என்றார், சாப்பாடு என்றார், ஒவ்வொன்றாகச் சொல்லி ரெஃபரிவரை வந்தார். ரெஃபரியையும் முடித்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் ஜெசிந்தா.

"முடிஞ்சிட்டு மேடம்."

"கோடு இன்னும் வரலையே."

பொன்னுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். கோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளியிருந்தது. நின்றுவிட்டார். ஜெசிந்தா நிற்கவில்லை. மெதுவாக நொண்டிக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிட்டு, பஸ்ஸுக்குத் திரும்பினார்.

வழி முழுக்கப் பொன்னுலிங்கம் அன்றைய புலம்பலை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நம் ஊரில் காற்றுக்கு வரும்போதே கோடு வந்துவிடும், ரெஃபரியைத் திட்ட ஒரு நாளும் இடம் கிடைத்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவர் மட்டும் கல்லூரிக்கு வந்தார். மைதானத்தின் குறுக்கே காலால் அளந்தார். நாற்பத்தைந்து அடிவைப்பு. நம்பாமல் திரும்ப அளந்தார். நேற்றைய மைதானம் அறுபத்திரண்டாவது இருக்கும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தார்.

பதினேழு அடிவைப்பு எங்கே போனது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மழை வருஷம் மேற்கு ஓரத்தில் தண்ணீர் தேங்கியது. இந்த வருஷம் மட்டும் என்று கோட்டை இரண்டடி உள்ளே இழுத்தார். அடுத்த வருஷம் அந்தக் கோட்டின் மேலேயே கோடு. பிறகு முள்செடி. பிறகு கிழக்கே பேராசிரியர்களுக்கு பைக் ஸ்டாண்ட். பிறகு ஆண்டு விழா மேடைக்கு இறக்கிய கல்லை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இந்த வருஷம் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் கோடு போடும் கயிற்றைப் பிடித்தது அவர் கைதான்.

வந்த பிள்ளைகள் அந்த அகலத்துக்குள் ஓடப் பழகிக்கொண்டார்கள். வெளியில் இருந்து வந்தவர்கள் அந்த நெருக்கடியில் தோற்றுப்போனார்கள். அவர் அதைத் தன் பயிற்சியின் பலன் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

மேடைக் கல்லின் மேல் உட்கார்ந்தார். கண் கலங்கியது. நல்லவேளையாக அங்கே யாரும் இல்லை.

பத்து மணிக்கு முதல்வர் அறைக்குப் போனார்.

"பைக் ஸ்டாண்டை மாத்தணும் மேடம். கல்லையும் எடுக்கணும். கிரவுண்டு பத்தலை."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதானே சார் போதும்னு சொன்னீங்க?"

"ஆமா மேடம். தப்பாச் சொல்லிட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

பைக் ஸ்டாண்ட் கேன்டீனுக்குப் பின்னால் போனது. இரண்டு பேராசிரியர்கள் அதற்குப்பிறகு பொன்னுலிங்கத்திடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். முள்செடியை அவரும் பிள்ளைகளுமாக இரண்டு நாள் வெட்டினார்கள். ஜெசிந்தாவும் ஒரு வெட்டரிவாளை வாங்கிக்கொண்டு குனிந்தார். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று பொன்னுலிங்கமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

புதுக் கோடு விழுந்தது. இசக்கி பந்தோடு ஓரமாக ஓடினாள். பழைய கோடு இருந்த இடம் வந்ததும் நின்றாள். தரையில் அங்கே ஒன்றுமே இல்லை. அவள் கால் மட்டும் நின்றது.

"போ பிள்ளை," என்றார் பொன்னுலிங்கம்.

"போறேன் சார். வர மாட்டேங்குது."

பொன்னுலிங்கம் போய்ப் பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "இங்க வந்து என் கைக்குப் பந்தைக் கொடுத்துட்டுப் போ," என்றார். அன்றைக்கு அவளைத் தொண்ணூறு தடவையாவது ஓட வைத்திருப்பார். அடுத்த நாளும் அங்கேயே நின்றார். வெயிலில் நின்று நின்று அவருக்குக் கழுத்து கறுத்துப்போனது.

பிள்ளைகளுக்குப் பழைய மைதானமும் மறந்தது, புதியதும் பிடிபடவில்லை. அந்த வாரம் சொந்த மைதானத்தில் நடந்த மேட்சில் தோற்றார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. செயலர் நேரில் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விசில் ஊதியதும் காரில் ஏறினார்.

கடைசி வெளியூர் மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெசிந்தாவுக்குக் கடிதம் வந்தது. சொந்த மண்ணில் தோற்ற அணியின் பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. இந்த மேட்சோடு சரி. ஜெசிந்தா அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பந்துக்குக் காற்றடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. எழுபத்தெட்டாவது நிமிஷம்வரை கோல் இல்லை. இரண்டு பக்கமும் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. இசக்கிக்குப் பந்து வந்தது. ஓரமாக ஓடினாள். அவள் வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் எதிரணியின் இரண்டு பேர் போய் நின்றுகொண்டார்கள். அவள் திரும்பவில்லை. கடைசி எட்டு அடிவைப்பையும் ஓடி, கோட்டின் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கிப் போட்டாள். அது எதிரணிப் பெண் ஒருத்தியின் முட்டியில் பட்டு வலைக்குள் போனது.

அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். விடுதி இடம் பதினெட்டும் நின்றது.

யாரும் குதிக்கவில்லை. இசக்கி தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். அம்மாவுக்குப் போன் போடணும் என்றாள், போடாமல் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெசிந்தா மைதானத்தின் குறுக்கே நடந்தார். பொன்னுலிங்கம் கூடவே போனார். புலம்ப ஒன்றும் இல்லை. பாதித் தூரம் சும்மா நடந்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"கிரவுண்டு விஷயம் உங்களுக்கு முதல் நாளே தெரியும்லா?"

"தெரியும்."

"அன்னைக்கே என்னை நிறுத்திவச்சு ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாமே. நீங்கதானே ஹெட் கோச்சு. நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? நாலு மேட்ச் போயிருக்காது. பிள்ளைங்க நாலு தடவை அப்படி வந்து உக்காந்திருக்காது. உங்க வேலையும் போயிருக்காது."

ஜெசிந்தா பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு பிள்ளை தூங்கி விழுந்துகொண்டிருந்தது.

"அந்த நாலு மேட்சும் எனக்கும் வலிச்சுது சார். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன் மேடம்?"

"சொன்னேனே சார். கோடும் போட்டேனே. நீங்க வந்து சரி பண்ணிட்டீங்க."

பொன்னுலிங்கத்தின் கால் நின்றது. இந்தத் தடவை ஜெசிந்தாவும் அவருக்காக நின்றார். பொன்னுலிங்கம் குனிந்து செருப்பு நுனியால் தரையைக் கீறினார்.

"அடுத்து வாற கோச்சு யாரோ," என்றார் கடைசியில். "பைக் ஸ்டாண்டை மறுபடி பழைய எடத்துக்கே கேப்பாங்க. மழை வந்தா மேற்கே தண்ணி நிக்கும். நீங்களும் இருக்க மாட்டீங்க. நான் என்ன செய்ய மேடம்?"

ஜெசிந்தா குனிந்து முழங்கால் தழும்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.

"நாளைக்குத் திங்கட்கிழமை சார். கோடு போடணும்லா?"