மூக்குத்தி எந்தப் பக்கம்

“டீச்சர், எனக்கு எந்த வியூஃபைண்டர் சரிப்பட்டு வரும்? இன்னிக்கே சொல்லுங்க.”

கேட்ட சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் திருநாவுக்கரசு. எல்லாருக்கும் அரசு சார்.

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பெயர் மெர்சி. திருச்சி தில்லை நகரில், மாடியில் ஸ்டூடியோ வைத்து, ஃபிலிம் கேமராவில் முகங்களைப் படம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்.

வயதை வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன செய்ய? தெரிந்தவர்தானே சொல்லித் தர முடியும்.

மெர்சி அவர் கொண்டுவந்த பையைத் திறந்து பார்த்தார். அதைப் பை என்று சொல்லக் கூடாது, சீர்வரிசை.

சதுரமாக ஒரு பெரிய ஃபிலிம் கேமரா. அதன் தலையில், கண்ணை வைத்துப் பார்க்கிற பிரிசம் வியூஃபைண்டர், வெளிச்சம் அளக்கிற மீட்டரோடு, செங்கல் கனத்தில். கண் உறுத்தாமல் இருக்க அதற்கொரு ரப்பர் வளையம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. லென்ஸுக்கு வெயில் படாமல் ஒரு மறைப்பு. போதாதற்கு இன்னும் பிரிக்காத டப்பா வேறு.

“இதெல்லாம் யாருக்கு?”

“கேமராவுக்குத்தான்.”

“யாரைப் படம் எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன் சார்.”

“வேதாவை. என் வீட்டுக்காரியை.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

வேதவல்லி அம்மாவுக்குக் காதுக்குக் கீழே ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் முகத்து நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். அதனால்தான் ஞாயிறு வகுப்புக்குக் காத்திராமல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். அதற்கப்புறம் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், ஒரு கண் சரியாக மூடாமல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“அதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக் குடுங்கங்கிறா. நான் நானா இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு போதும்ங்கிறா.”

“எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே?”

“எங்க டீச்சர்! கல்யாணத்துல ஆரம்பிச்சு எவ்வளவு எடுத்தாச்சு! எதை நீட்டினாலும் ‘இது நான் இல்லை, யாரோ’ன்னு மூஞ்சியிலயே வீசிடுவா. ஏன்னு கேளுங்க. மூக்குத்தி பக்கம் மாறிப்போச்சாம்!”

அரசு சார் சிரித்தார். கல்யாணமான புதிதிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்த கதை. சிரிக்காதவர்களே கிடையாது.

மெர்சி சிரிக்கவில்லை.

“எந்தப் பக்கம் குத்தியிருக்காங்க?”

“வலது மூக்குலதான். போட்டோவுலயும் வலது மூக்குலதான் இருக்கு. சொன்னா அவளுக்குப் புரியணுமே.”

மெர்சி பிரிசத்தைக் கழற்றினார். அலமாரியில் வைத்தார். கைப்பிடி, ரப்பர் வளையம், பிரிக்காத டப்பா எல்லாம் அதன் பின்னாலேயே போயின. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய மடிப்பு வியூஃபைண்டரை எடுத்து கேமராவின் தலையில் மாட்டினார். நாலு தகடு. விரித்தால் மூடியில்லாத டப்பா மாதிரி நிற்கும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அடியில் கண்ணாடித் தட்டில் எதிரே இருப்பவர் தெரிவார்.

“ஐயையோ, இது வேண்டாம் டீச்சர்! பிரிசத்துல எல்லாம் நேரா தெரியும். இதுல இடம் வலம் மாறித் தெரியும்.”

“தெரியட்டும்.”

“அவ இந்தப் பக்கம் நகர்ந்தா இதுல அந்தப் பக்கம் போவா. நான் எப்படித் திருப்பினாலும் தப்பாத்தான் போகும்.”

“மெதுவா திருப்புங்க.”

“அப்போ இவ்வளவும் தேடித் தேடி வாங்கினது?”

மெர்சி பையில் மிச்சமிருந்த கழுத்து வாரை கேமராவில் கோத்து, அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“கை நடுங்குது உங்களுக்கு. இது ஒண்ணு போதும் சார்.”

அரசு சாருக்குக் கோபம். நல்ல கோபம். படியிறங்கும்போது, இந்தப் பொண்ணுகிட்ட வந்து மாட்டிக்கிட்டோமே என்று வாய்விட்டே சொன்னார். மெர்சி காதில் விழுந்தது. அவர் பாட்டுக்கு டிராயரை மூடினார்.

வீட்டில் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, வேதவல்லி அம்மா அரக்குச் சேலையில் வந்து உட்கார்ந்தார்.

“என்னங்க, வயித்து வலியா? குனிஞ்சுகிட்டே இருக்கீங்க?”

“இதுல இப்படித்தான் பார்க்கணும். நீ கொஞ்சம் உன் வலது பக்கம் நகரு.”

நகர்ந்தார். கண்ணாடித் தட்டில் பாதி ஆளைக் காணோம். அரசு சார் பதறிப்போய் கேமராவைத் திருப்பினார். மிச்சப் பாதியும் போய், வெறும் ஜன்னல் கம்பி நின்றது.

“எங்கடி போயிட்ட?”

“நான் எங்க போனேன்? இங்கயேதானே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்!”

நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், வேதவல்லி அம்மா அங்கேயேதான் இருந்தார். மறுபடி குனிந்து, இந்த முறை எதிர்ப்பக்கமாக, மெதுவாகத் திருப்பினார்.

முதலில் காது வந்தது. அப்புறம் கன்னம். கட்டி லேசாகப் புடைத்திருந்த இடம். அப்புறம் முழு முகம்.

மூக்குத்தி கண்ணாடியில் வலப்பக்கமாக மினுங்கியது.

இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது அவருக்கு. கட்டின பெண்டாட்டியைப் பார்த்து இப்படி நினைக்கலாமா? நினைத்தார். எங்கே, எங்கே என்று தேடினார்.

பீரோக் கண்ணாடியில்.

ஒவ்வொரு தடவை வெளியே கிளம்பும்போதும் வேதா அதன் முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொள்வாள். பின்னால் நின்று, நேரமாச்சு நேரமாச்சு என்று இவர் கத்துவார். கத்துகிற அவசரத்தில் கண்ணாடிக்குள் ஓரக்கண்ணால் பார்த்த முகம் இது. நின்று பார்த்ததே இல்லை.

“வேதா.”

“ம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஏன் கூப்பிட்டீங்களாம்?”

வேதவல்லி அம்மா சிரித்தார். அரசு சார் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் மெர்சியின் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து முடித்திருந்தார்கள். மெர்சி நெகட்டிவைப் பெரிதாக்கும் கருவிக்குள் செருகினார்.

“டீச்சர், திருப்பிப் போட்டுட்டீங்க!”

“தெரியும்.”

“தெரியுமா? இதையே நான் செஞ்சதுக்கு முதல் வாரம் என்னை எல்லார் முன்னாடியும் என்ன திட்டு திட்டினீங்க! இடம் வலம் மாறிப் பிரிண்ட் ஆயிடும்னு!”

“ஆமா, திட்டினேன்.”

தாள் மருந்தில் விழுந்தது. மெல்லச் சிரிப்பு வந்தது, பிறகு கண்கள் வந்தன. சேலைத் தலைப்பு தப்பான தோளில் வந்து கிடந்தது.

“பாருங்க, தலைப்பு வலது தோள்ல கிடக்கு. பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா? நாளன்னிக்கு ஆபரேஷன் டீச்சர். இதுல போய் விளையாடுறீங்களே!”

“பார்க்கிறவங்களுக்கா சார் எடுத்தீங்க?”

அரசு சார் அந்தத் தாளை அவரே இடுக்கியால் எடுத்து, அடுத்த மருந்தில் முக்கி, தண்ணீரில் அலசினார். வெகுநேரம் அலசினார்.

வேதவல்லி அம்மா படத்தை வாங்கினார். வழக்கம்போல இவர் முகத்தில் வீசப்போகிறார் என்று அரசு சார் ஒரு எட்டு பின்வாங்கியே நின்றார்.

வீசவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு முன்னால் போய் நின்றார். படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி படத்தை.

மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இவளை எனக்குத் தெரியும்,” என்றார்.

அரசு சார் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து அழுதார். “சீ, என்ன இது சின்னப் பிள்ளையாட்டம்,” என்று வேதவல்லி அம்மா அவர் தலையைக் கலைத்துவிட்டார். அவருக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் போய் அட்மிட் ஆக வேண்டும், பை எடுத்து வைக்கிற வேலை கிடந்தது.

சோப்பு, துண்டு, மாற்றுச் சேலை, சீப்பு, ஃபிளாஸ்க். பொட்டு டப்பா. எங்கே போனாலும் கூடவே வருகிற சின்னக் கைக்கண்ணாடியைப் பையிலிருந்து வெளியே எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

அரசு சார் அதைக் கவனிக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே, பெரிய உதவி செய்கிறவர் மாதிரி கேட்டார்:

“எல்லாம் எடுத்து வெச்சுட்டியா? கண்ணாடி எடுத்துக்கிட்டியா?”

வேதவல்லி அம்மா சேலை மடிப்புக்குள் படத்தை வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“எடுத்துக்கிட்டேன்.”