அடுப்புக்கு மேலே ஐயா

மன்னார்குடி சபாநாயகம் தம் பழைய வீட்டுக் கூடத்துக்குப் பளிங்கு போட்டார், சரவிளக்கு மாட்டினார், தம் ஆளுயரப் படத்தைத் தங்கமுலாம் சட்டம் போட்டுத் தொங்கவிட்டார். அடுக்களைப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே அடுப்புக்கு மேலே செங்கல் பெயர்ந்து சுவரில் பெரிய ஓட்டை.

மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் அடுக்களையைத்தான் பார்ப்பாள் என்று மனைவி சொன்னாள். அவர் உடனே சமையல்கார அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்த ஓட்டை யார் கண்ணுலயும் படக் கூடாது. கொத்தனார், சிமெண்டுன்னு வந்து நிக்காதே. வீட்டுல இருக்கறத வச்சு மறை. இல்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ."

"எதை வேணும்னாலும் எடுத்துக்கலாமா ஐயா?"

"எதை வேணும்னாலும்!"

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா அடுக்களைக்குள் நுழைந்தாள். அடுப்புக்கு மேலே, தங்கச் சட்டத்துக்குள், சபாநாயகம் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"இவரை ஏன் இங்க மாட்டியிருக்கீங்க?"

"ஓட்டையை மறைக்கச் சொல்லி ஐயா உத்தரவும்மா," என்றாள் அஞ்சலை. "துணி கட்டினேன், காத்துல பறந்துது. அதை மூடற அளவுக்குப் பெருசா இந்த வீட்டுல இருக்கறது ஐயா ஒருத்தர்தான்."

அந்த அம்மாள் படத்தை விலக்கினாள். ஓட்டை வழியே கொல்லை தெரிந்தது. அவள் சிரித்திருந்தால்கூடப் பின்னால் நின்றிருந்த சபாநாயகம் தாங்கியிருப்பார்.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு," என்றாள் மெதுவாக. "பாவம், இங்கதான் வளர்ந்திருக்கா."

அவர்கள் போன பிறகும் கூடத்தில் உட்கார்ந்திருந்த சபாநாயகம் நிமிரவில்லை. குனிந்த முகம் பளிங்குத் தரையில் பளிச்சென்று தெரிந்தது.

"கொத்தனாரை வரச் சொல்லு, அஞ்சலை."

"படத்தைக் கழட்டிடட்டுமா ஐயா?"

"வேண்டாம். ஆள் வர்ற வரைக்கும் நான் அங்கேயே நிக்கறேன்."