யாருமே விழாத ஊர்

சுரைக்காப்பட்டிக்காரன் என்று சொன்னாலே அக்கம்பக்கத்து ஊர்களில் சிரிப்பார்கள். எங்கள்மேல் அவ்வளவு பிரியம். இந்தக் கதையை நான் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

கோயில் கொடையன்று எங்கள் ஊர்த் தலைவர் உக்கிரபாண்டி புது வேட்டியும் தானுமாக வந்து சேற்றில் வழுக்கி விழுந்தார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் அவருக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தேன்.

தலைவருக்கு அவமானம் தாங்கவில்லை. சேறு காய்வதற்குள் கூட்டம் போட்டார்.

"இனிமே இந்த ஊர்ல 'விழுந்துச்சு'ங்கற பேச்சே இருக்கக் கூடாது. பேச்சு இருக்கறதாலதான் விழணும்னே தோணுது. மீறிச் சொன்னா, பொழுது சாயற வரைக்கும் அவங்களோட யாரும் பேசக் கூடாது!"

"அப்ப மரத்துலருந்து தேங்காய்..." என்று இழுத்தாள் ஒச்சம்மா.

"இறங்கும்."

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. அன்று முதல் தேங்காய் இறங்கியது. ஒச்சம்மாவின் மாமனாருக்கு முன்பல் இறங்கியது. ஒரு நாள் என் வீட்டுக் கூரையும் இறங்கியது. தானாக இறங்கி வந்ததை மறுபடி ஏன் ஏற்றுவது என்று அதன்மேலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். மழை பெய்தபோதுதான் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று யோசிக்க வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், கிணற்றை எட்டிப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்த தலைவர் தொபுக்கடீர் என்று உள்ளே போய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தோம். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன ஆச்சு?" என்றான் அய்யங்காளை. எங்கள் ஊரில் படித்தவன் அவன்தான்.

"இறங்கிட்டேன்பா!"

"குளிக்கவா?"

"இல்லடா, சும்மா இறங்கிட்டேன்! தூக்கிவிடுங்க!"

"படியே இல்லாத கிணத்துல இறங்கியிருக்காரே, இந்த வயசுல!" என்று வியந்தாள் ஒச்சம்மா. "கயிறு போடலாமா?"

"இறங்கத் தெரிஞ்சவருக்கு ஏறத் தெரியாதா?" என்றேன் நான். "கயிறு போட்டா அவரைக் கேவலப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"அப்ப ஏன் தூக்கச் சொல்றாரு?"

அய்யங்காளை ரொம்ப நேரம் யோசித்தான். "நம்ம மரியாதையைச் சோதிச்சுப் பாக்கறாரு."

எல்லோரும் கைகட்டி நின்றோம்.

"அடப்பாவிகளா!" என்று கிணறே அதிர்ந்தது. "விழுந்துட்டேன்டா! கிணத்துக்குள்ள விழுந்துட்டேன்!"

ஊரே காதைப் பொத்திக்கொண்டது. சொல்லிவிட்டாரே! இனிமேல் அவரோடு எப்படிப் பேசுவது? வருத்தத்தோடு கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் கத்தினார், கெஞ்சினார், எங்கள் அப்பன்மாரையெல்லாம் திட்டினார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அழுவது பேச்சில் சேருமா என்று எங்களிடம் கேட்டுக்கொண்ட பிறகே ஒச்சம்மா அழுதாள்.

பொழுது சாய்ந்ததும் கயிறு போட்டுத் தூக்கினோம். தலைவர் வேட்டியைப் பிழியக்கூட இல்லை. நடுங்கிக்கொண்டே கூட்டம் போட்டார்.

"தப்பு நடந்துபோச்சு," என்றார். "நான் தடுத்த வார்த்தை சரியில்ல."

இப்போதுதான் அவருக்குப் புத்தி வந்தது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

"தடுத்திருக்க வேண்டியது 'கிணறு'!"

கைதட்டினோம்.

இப்போது தண்ணீருக்குப் பக்கத்து ஊர்தான். குடங்களோடு போய் வரிசையில் நிற்போம். "உங்க ஊர்லயே நல்ல கிணறு இருக்கே, அதுக்கு என்ன ஆச்சு?" என்று அங்கே கேட்பார்கள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பிறகு அய்யங்காளை தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகக் கேட்பான்:

"அப்படின்னா என்னங்க?"